டோகோ: ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து சதுர கிலோமீற்றர்

கட்டில் விரிப்பின் ஒரு பக்கத்தைப் புனிதமலர் பிடித்திருந்தாள். மறுபக்கம் அக்கோசிவாவின் கையில். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா என்ற தெருவிலிருந்து உள்ளே போகும் சந்தொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிற சின்ன விடுதி அது. ஒன்பது அறைகள். பதினொரு மணிக்குள் ஒன்பதையும் கூட்டித் துடைத்துக் கட்டில் விரித்து முடிக்கவேண்டும். கை தன் வேலையைப் பார்க்க, வாய் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"பரப்பளவு?" என்றாள் புனிதமலர்.

"ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து சதுர கிலோமீற்றர்."

"சனத்தொகை?"

"எண்பது லட்சத்துத் தொண்ணூற்றையாயிரம். இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டுக் கணக்கெடுப்பு."

"சுதந்திரம்?"

"ஏப்பிரல் இருபத்தேழு, ஆயிரத்துத் தொளாயிரத்து..." அக்கோசிவா விரிப்பை உதறிவிட்டு முகட்டைப் பார்த்தாள். "அறுபதோ?"

"என்னை ஏன் கேக்கிறாய்? உன்ர நாடு."

"என்ர நாடுதான். ஆனா நான் அப்ப பிறக்கேல்லையே."

"நானுந்தான் பிறக்கேல்லை. எனக்குத் தெரியுதே!"

அக்கோசிவா சிரித்தாள். புனிதமலர் சிரிக்கவில்லை. இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

இருவரும் பேசிக்கொள்வது இத்தாலிய மொழியில். இலக்கணம் பார்த்தால் இரண்டு பேருடையதும் தேறாது. ஆனாலும் ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு விளங்காமல் போனதில்லை. அக்கோசிவா டோகோவின் தலைநகரான லோமேயில் பிறந்தவள். முப்பத்தைந்து வயது. புருசன் இறந்தபின் அவனுடைய தமையன் அவளைத் தனக்கு இரண்டாம் தாரமாகக் கேட்டான், மறுத்ததற்கு அடித்தான். வழக்கம் அப்படித்தான் என்று புருசன் வீட்டார் அவன் பக்கம் நின்றார்கள். மகள் அஜோவைத் தன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வெளிக்கிட்டுவிட்டாள். அஜோவுக்கு இப்போது ஒன்பது வயது. இவள் திரும்பி வராவிட்டால் பிள்ளையைத் தரச்சொல்லி அந்தத் தமையன் அக்கா வீட்டு வாசலுக்கு இரண்டு தடவை வந்து போயிருக்கிறான்.

அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற ஆணைக்குழுவின் முன்னால் அக்கோசிவா ஒருமுறை இருந்து எழும்பியாயிற்று. அங்கே சிக்கல் வந்தது அடி உதையிலோ தமையனிலோ அல்ல. அவள் டோகோக்காரிதானா என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கையில் அடையாள அட்டை இல்லை. அது கடலோடு போயிற்று. அவள் பேசுகிற எவே மொழியை டோகோவிலும் பேசுகிறார்கள், பக்கத்து நாடான கானாவிலும் பேசுகிறார்கள். பேச்சின் நடுவே பிரெஞ்சுக்குப் பதில் நாலு ஆங்கிலச் சொற்கள் வந்து விழுந்தன. கானா எல்லைக்குள் வியாபாரம் செய்ததாக வேறு சொல்லிவிட்டாள். விசாரித்த அதிகாரி பேனையை வைத்துவிட்டு, "நீங்கள் கானா நாட்டவர் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார். இத்தாலி பாதுகாப்பானவை என்று சொல்கிற நாடுகளின் பட்டியலில் கானா இருக்கிறது, டோகோ இல்லை. கானாக்காரி என்று எழுதிவிட்டால் மிச்சக் கதையைப் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். முடிவெடுக்க முன்பு இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி.

இதைக் கேட்ட நாளிலிருந்து புனிதமலர் கையில் கிடைத்த எண்ணையெல்லாம் அவளுக்குப் பாடமாக்கவைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருந்தது.

புனிதமலர் இலங்கையில் முல்லைத்தீவுப் பக்கத்து விசுவமடுக்காரி. இருபத்திரண்டு வயதிலிருந்து, சண்டை இறுகி ஊர் கிளம்பும்வரை, தகரம் போட்ட ஒரு ரியூசன் கொட்டிலில் சமூகக்கல்வி படிப்பித்தவள். கடந்த பத்து வருடத்து வினாத்தாள்களைச் சேர்த்துவைத்து, எந்தக் கேள்வி எத்தனை தடவை வந்ததென்று எண்ணி, விடைகளைப் பாடமாக்கவைப்பதுதான் அவளுடைய முறை. "விளங்கேல்லையெண்டாலும் பரவாயில்லை, முதல்ல பாடமாக்கு" என்பாள். பிள்ளைகள் நல்ல பெறுபேறு எடுத்தார்கள். பிறகு சண்டை, முகாம், முகவர். முகவர் அவளை ஏற்றி இறக்கிய இடம் லோமே. அங்கே ஒரு வீட்டில், பதினான்கு தமிழரோடு, யன்னல் திறக்காமல் ஏழு மாதம். அந்த நாட்டில் அவள் பார்த்தது ஒரு மதிலும் ஒரு மாமரத்தின் மேற்பாதியும்தான். சமைத்துத் தந்த பெண்ணிடம் நாலு சொல் பிடித்துக்கொண்டாள். பிறகு யாரோ ஒருத்தியின் கடவுச்சீட்டில் விமானம் ஏறி, றோமில் இறங்கி, ஒன்றுவிட்ட அண்ணன் இருந்த பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள்.

பத்து மாதத்தில் அவளுக்கும் ஆணைக்குழு. எல்லாத் திகதியும், இடம்பெயர்ந்த எல்லா ஊரின் பெயரும், வரிசை பிசகாமல் சொன்னாள். கடைசியில் அதிகாரி, விசுவமடுவிலிருந்து முல்லைத்தீவு நகரம் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டார். சமூகக்கல்வி ரீச்சருக்குத் தன் ஊர்த் தூரம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, நிராகரிப்பு. தமிழருக்குக் கடிதம் வாசித்துச் சொல்கிற அருளம்பலம் தாளைத் தூக்கிப் பிடித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட கதையை நம்பேல்லையாம் தங்கச்சி" என்றார். அதற்கு மேல் அவரும் வாசிக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்தக் கிலோமீற்றர்தான் தன்னைக் கவிழ்த்தது என்று அன்றே முடிவுகட்டிவிட்டாள். நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்து வென்று, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்க மேலும் இரண்டு வருடம் போயிற்று.

அக்கோசிவாவுக்கு அப்படி ஒரு எண் தொண்டையில் சிக்கக்கூடாது. இருவரையும் சந்திக்கவைத்தது பல்லரோச் சந்தை. ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் கடைக்காரனுக்கு "அக்பே" என்று நன்றி சொன்னாள். பன்னிரண்டு வருடம் நாவில் கிடந்த சொல் புனிதமலரின் வாயிலிருந்து, மிக்க நன்றி என்ற பொருளில், தன்பாட்டில் வந்தது: "அக்பே காக்கா." அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த மாதமே புனிதமலர் அவளைத் தான் வேலைசெய்யும் விடுதியில் சேர்த்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, போர்கோ வெக்கியோவில் இருந்த தன் வீட்டில் புனிதமலர் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு குந்தினாள். தொலைபேசியில் தேடி எடுத்தவற்றைத் தலைப்புப் போட்டு எழுதினாள். அமைவிடம். காலநிலை. வரலாறு. பொருளாதாரம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில் ஜேர்மன்காரர் வந்தது. முதல் உலகப்போரில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் அதைப் பிடித்து இரண்டாகப் பிளந்தது. பிரித்தானியரின் பாதி பிறகு கானாவோடு போனது. பிரெஞ்சுக்காரரின் பாதி டோகோவானது. உயர்ந்த மலை அகூ, தொளாயிரத்து எண்பத்தாறு மீற்றர். பொஸ்பேற், பருத்தி, கொக்கோ, கோப்பி.

கணவன் கிருபன் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு வந்து, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, டோகோவில தேர்தல் கேக்கப் போறீரோ?"

"பகிடி விடாமல் அங்கால போங்கோ."

"இல்லை, எனக்கும் ஒரு மந்திரிப் பதவி தந்தா நல்லம். கோப்பை கழுவுற மந்திரி."

கீழ்வீட்டுக் கிளறா அக்கா கருவேப்பிலை வாங்க ஏறிவந்தவள், விஷயத்தைக் கேட்டு முகத்தைச் சுழித்தாள். "உந்தக் கறுவலுக்காகவே நீர் இவ்வளவு மினக்கெடுறீர்?"

"நாங்கள் என்ன வெள்ளையே, அக்கா?" என்றான் கிருபன். "உங்கட மன்னார் வெய்யில் உங்களை ஒண்டும் செய்யாமலே விட்டது?"

கிளறா அக்கா கருவேப்பிலையைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். புனிதமலர் நிமிரவேயில்லை. இலங்கையும் இப்போது அந்தப் பாதுகாப்பான நாடுகளின் பட்டியலில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தான் இன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் யாரிடமும் பேசுவதில்லை.

நாட்கள் ஓடின. தலையணை உறை மாட்டும்போது வரலாறு. குளியலறை துடைக்கும்போது பொருளாதாரம். அக்கோசிவாவுக்குப் புத்தி கூர்மை. ஆனால் அடிக்கடி தடம் மாறிப் போய்விடுவாள்.

"அகூ மலையின்ர உயரம்?"

"உயரம் தெரியாது. ஆனா பலிமேக்குப் போற வான் வண்டியில இருந்து பாத்தா, மழைக்காலத்தில அந்த மலைக்குத் தலை இருக்காது. என்ர சித்தி சொல்லுவா..."

"சித்தி வேண்டாம். தொளாயிரத்து எண்பத்தாறு."

"தொளாயிரத்து எண்பத்தாறு" என்றாள் அக்கோசிவா, பாத்திரத்தை மூடுவதுபோல.

இன்னொரு நாள் எல்லைகள் வந்தன. "வடக்கே புர்க்கினா பாசோ, கிழக்கே பெனின், தெற்கே கடல், மேற்கே..." அக்கோசிவா நிறுத்தினாள். "மேற்கே எங்கட தெரு. எல்லை எங்கட தெரு முடியிற இடத்தில. அம்மா காலமை அங்கால போய் வித்துப்போட்டுப் பின்னேரம்..."

புனிதமலர் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "அதை வாயில எடுக்கக்கூடாது! போன முறை அதாலதானே வினை வந்தது? மேற்கே கானா. அவ்வளவுதான். நீ அங்கை போகவும் இல்லை, வரவும் இல்லை."

"போனனான் எண்டு ஏற்கனவே சொல்லிப்போட்டனே."

"அவையா கேட்டாலொழிய நீயாச் சொல்லாதை."

அக்கோசிவா கீழே கிடந்த துணியைக் குனிந்து எடுத்தாள். பிறகு தலையாட்டினாள். புதன்கிழமை நாற்பது கேள்வி கொண்ட சோதனையில் முப்பத்தெட்டு எடுத்தாள். புனிதமலர் சிவப்புப் பேனையால் சரி போட்டபோது, பல வருடம் கழித்து மனதுக்குள் ஒரு நிம்மதி. அவர்களுக்குக் கிடைத்த இலவசச் சட்டத்தரணி ஓர் இளம் பெண். முந்தின வாரம், "எதையும் பாடமாக்க வேண்டாம், தெரிந்ததைச் சொன்னால் போதும்" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கதிரையில் ஒருநாளும் இருக்காதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுகம் என்று புனிதமலர் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மூவரும் ஆணைக்குழுக் கட்டடத்தின் இரண்டாம் மாடி நடைபாதையில் நின்றார்கள். எந்தக் கந்தோருக்குப் போனாலும் புனிதமலர் தன் பைலைக் கொண்டுபோவாள். வரிசையில் நிற்பது பிறருக்காக என்றாலும் பைல் கக்கத்தில் இருக்கவேண்டும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் படித்த பாடம். தடித்த செம்மஞ்சள் பைல், பன்னிரண்டு வருடத்துத் தாள்கள்.

"பயமா இருக்கே?" என்று கேட்டாள்.

"இல்லை. எல்லாம் இஞ்சை இருக்கு" என்று அக்கோசிவா நெற்றியைத் தொட்டாள். கதவு திறந்தது. சட்டத்தரணியும் அவளும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

நடைபாதையில் நான்கு பிளாஸ்ரிக் கதிரைகள். புனிதமலர் ஒன்றில் இருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கால்மணி போனது. அரைமணி போனது. வேறு என்னென்ன கேட்டுத் தொலைப்பார்களோ, தன்னிடம் அன்று என்னவெல்லாம் கேட்டார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். சரியாக வரவில்லை. அப்போதுதான், அந்த நிராகரிப்புக் கடிதம் மடியில்தானே கிடக்கிறது என்ற எண்ணம் வந்தது. கேள்விகள் அதில் இருக்கும். இடைவேளை விட்டால் அக்கோசிவாவுக்குச் சொல்லலாம்.

ஏழு பக்கம். ஓரம் பழுத்திருந்தது. அன்று கடைசிப் பக்கத்து ஒற்றைச் சொல்லைத் தவிர ஒன்றும் விளங்காத தாள், இன்று வரிவரியாக விளங்கியது. பதினொரு வருடம் வயதான சிஞ்ஞோராமாரின் வீடுகளில் வேலைசெய்தபடி கேட்ட பேச்சு, அவர்களுக்கு வாசித்துக் காட்டிய மருந்துச் சீட்டுகள், எல்லாமாகச் சேர்ந்து அவளுக்கு இத்தாலிய மொழியைக் கொடுத்திருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஊர்கள். நான்காம் பக்கத்தில் திகதிகள். ஐந்தாம் பக்கத்தில் அவள் நின்றாள்.

'விண்ணப்பதாரி கேள்விகளுக்குப் பாடசாலைப் பாடத்தை ஒப்புவிப்பதுபோல விடையளித்தார். திகதிகளும் இடப்பெயர்களும் சரியானவை. அவை பொதுவெளியில் கிடைப்பவை. அன்றாட வாழ்க்கை பற்றிக் கேட்டபோதும் அவர் மீண்டும் திகதிகளையே கூறினார். அவர் அங்கு வாழ்ந்தவர் என்பதைக் காட்டும் தனிப்பட்ட விபரம் எதுவும் பெறப்படவில்லை.'

திரும்ப வாசித்தாள். ஆறாம் பக்கம், ஏழாம் பக்கம். கிலோமீற்றரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதாகக்கூட எவரும் எழுதியிருக்கவில்லை.

கடிதத்தை மடியில் வைத்தாள். பிறகு, மூடிய கதவைப் பார்த்தாள். அந்தக் கதவுக்கு அப்பால் ஒருத்தி, தான் பதினொரு நாள் அள்ளி அடைத்ததை அப்படியே அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். எழும்பிப் போய்த் தட்டலாமா? கையைத் தூக்கினாள். கதவில் ஒட்டியிருந்த 'உள்ளே விசாரணை' என்ற தாளைப் பார்த்துக் கையை இறக்கினாள். நடந்தாள். திரும்பி வந்தாள். கதவோடு காதை வைத்தாள். மொழிபெயர்ப்பாளரின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

பத்தேகாலுக்குக் கதவு திறந்தது. அக்கோசிவா முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தாள். "சொரெல்லா, என்ர சகோதரி! ஒண்டும் விடேல்லை. எல்லாம் சொன்னன்."

பின்னால் வந்த சட்டத்தரணியின் முகத்தில் இரத்தமே இல்லை. "பத்து நிமிட இடைவேளை. இந்த இலக்கங்களை இவருக்குக் கொடுத்தது யார்?"

"நான்தான்" என்றாள் புனிதமலர்.

"சின்ன வயதில் பாண் எங்கே வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். இவர் பொஸ்பேற் ஏற்றுமதியைச் சொல்கிறார். பாடசாலைக்கு எப்படிப் போனீர்கள் என்றால் ஜேர்மன்காரரில் தொடங்குகிறார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார்."

சிரிப்பு அக்கோசிவாவின் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "பிழையாச் சொன்னனோ?"

"இல்லை. சரியாத்தான் சொன்னாய்" என்றாள் புனிதமலர். கடிதத்தை நீட்டினாள், நீட்டியவள் உடனே மடக்கினாள், வாசித்துக்காட்ட நேரமில்லை. "பிழை என்ர. என்னை நம்பாமல் விட்டதும் இதாலதான். நான் இண்டைக்குத்தான் வாசிச்சன். நீ பாடமாக்கினதெல்லாத்தையும் விட்டிடு."

"விட்டிடுறதோ?" அக்கோசிவாவின் குரல் நடைபாதையில் எதிரொலித்தது. "பதினொரு நாள் அடைச்சாய்! சித்தி வேண்டாம் எண்டாய், அம்மா வேண்டாம் எண்டாய், தெரு வேண்டாம் எண்டாய். இப்ப எடுத்துப்போடு எண்டா, என்ர தலை என்ன உன்ர வாளியே, கவிட்டு ஊத்திறதுக்கு? உள்ளுக்குப் போனா திருப்பி அந்த இலக்கம்தான் வரும். என்ர பிள்ளை அங்கை கிடக்குது, தெரியுமே உனக்கு?"

சட்டத்தரணி மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் ஏழு நிமிடம்.

என்ன கேட்பது? லோமேயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? யன்னல் மூடிய வீடு. மதில். மதிலுக்கு அப்பால், விடிந்து கொஞ்சநேரத்தில் தெருவால் போகும் ஒரு பெண்ணின் குரல். ஏழு மாதமும் நாள் தவறாமல் கேட்ட குரல். என்ன விற்றாள் என்று கடைசிவரை தெரியாது.

"ஒரு பொம்பிளை" என்றாள். "காலமையில எங்கட மதிலுக்கு வெளியால கூப்பிட்டுக்கொண்டு போவா. இப்பிடி." அந்தக் கந்தோர் நடைபாதையில், நாற்பத்திரண்டு வயதுக்காரி, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை இழுத்துப் பார்த்தாள். சொல் வரவில்லை, ராகம் மட்டும் வந்தது. தூரத்தில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான்.

அக்கோசிவா கோபத்தோடேயே, "அப்பிடியில்லை" என்றாள். "கடைசியை மேல தூக்கவேணும். அயிமோ...லூ! சோறும் பயறும் சேத்து அவிச்சது. தலையில சட்டி. நீ சொல்லுற இழுவையைப் பாத்தா அவ எங்கட பக்கத்து ஆள்தான். கடலோரத்தாள் அப்பிடி இழுக்கமாட்டாள். அவளிட்டை மிளகாய்ச் சம்பல் தனியா வாங்கவேணும். நாங்கள் பள்ளிக்கூடம் போகேக்கை அந்தச் சம்பலைக் கையில நக்கிக்கொண்டு போவம். ஒருநாள் வாசல்ல வைச்சு நான் பக்கத்துப் பெட்டையிட்டை 'உறைக்குது' எண்டு எவேயில சொல்லிப்போட்டன். வாத்தியார் கேட்டிட்டார். சின்யாலை என்ர கழுத்தில போட்டாச்சு."

"சின்யால் எண்டா?"

"கயித்தில கட்டின எலும்புத் துண்டு. பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு கதைக்காமல் எவே கதைச்சா கழுத்தில மாட்டுவினம். நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரியவேணும், இன்னொருத்தி எவே கதைச்சு மாட்டுப்படுமட்டும்." அவள் தன்னையறியாமல் கழுத்தைத் தடவினாள். "நாறும்."

சட்டத்தரணி ஓரடி முன்னால் வந்தாள். "இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. இவ சொல்ல விடேல்லை."

"எல்லைக்கு அப்பால் கானாப் பாடசாலையில் ஆங்கிலம். பிரெஞ்சுக்காகக் கழுத்தில் மாட்டியவர்கள் டோகோப் பக்கத்தார்" என்றாள் சட்டத்தரணி, தனக்குத்தானே சொல்வதுபோல. கதவு திறந்தது. எழுத்தர் தலையை நீட்டினார்.

புனிதமலர் அக்கோசிவாவின் இரண்டு தோளையும் பிடித்தாள். "தெருவையும் சொல்லு. அம்மாவையும் சொல்லு. அங்கால போனது, வித்தது, எல்லாம். நான் சொல்லாதை எண்டதைத்தான் சொல்லவேணும்."

அக்கோசிவா அவளுடைய கையை உதறவில்லை. உள்ளே போனாள்.

பதினொன்று. பதினொன்றரை. புனிதமலர் இருக்கவில்லை, யன்னலோடு நின்றாள். விடுதிக்காரி தொலைபேசியில் மூன்று தடவை அழைத்தாள். ஒன்பது அறையும் அப்படியே கிடந்திருக்கும். அவள் எடுக்கவில்லை. ஒருமுறை உள்ளே யாரோ இருமியது கேட்டது. ஒருமுறை கதிரை அரைபட்டது. பன்னிரண்டுக்கும் வரவில்லை. இவ்வளவு நேரம் எடுப்பது நல்லதற்கா கெட்டதற்கா என்று காவலாளியிடம் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான்.

பன்னிரண்டரைக்கு அக்கோசிவா வெளியே வந்தாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்தாள்.

"முதல்ல இலக்கத்தைப் பற்றிக் கேட்டார். பாடமாக்கினனீரோ எண்டார். ஓமெண்டன். ஆர் தந்தது எண்டார். வெளியில ஒருத்தி நிக்கிறா, ஏழு மாதம் என்ர ஊரில இருந்தவ, ஆனா ஊரைக் காணாதவ, அவவுக்கு என்னைவிடப் பயம், அவதான் எழுதித் தந்தவ எண்டன்."

புனிதமலருக்கு முகம் சூடாகியது. "அதையும் சொன்னியே!"

"வேற என்னத்தைச் சொல்ல? நீதானே எல்லாத்தையும் சொல்லு எண்டனீ." அவள் சட்டத்தரணி நீட்டிய தண்ணீரைக் குடித்தாள். "பிறகு எல்லையைக் கேட்டார். அம்மா அங்கால கானாக் காசு சீடியில வித்து, இஞ்சால வந்து எங்கட காசு சேபாவா மாத்துவா; மாத்திறவனுக்கு ஒரு கண் இல்லை; அவனிட்டை எப்பிடி ஏமாறாமல் மாத்திறதெண்டு சொன்னன். எழுதினார். மொழிபெயர்க்கிற பொம்பிளை அந்த எலும்பைப் படம் கீறிக் காட்டச் சொன்னா. அவவும் சின்னனில கழுத்தில போட்டவவாம்."

"அவர் நம்பினவரோ?"

"தெரியாது. எழுதினார். அவ்வளவுதான் தெரியும்."

முப்பத்தாறு நாள் அந்த 'தெரியாது'வோடு போனது. அந்த நாட்களில் இருவரும் கட்டில் விரித்தார்கள். கேள்வி எதுவும் இல்லை. லோமேயிலிருந்து செய்தி நல்லதாக வரவில்லை. அந்தத் தமையன் மூன்றாவது தடவை வந்து, ஈஸ்டருக்கு முதல் பிள்ளையைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அக்கோசிவா மெலிந்துபோனாள். புனிதமலர் வீட்டில் கிருபனோடு எரிந்து விழுந்தாள். அவன் பகிடி விடுவதை நிறுத்திவிட்டு, தினமும் வேலையால் வந்ததும், "கடிதம் வந்ததாமே?" என்று மட்டும் கேட்டான்.

முப்பத்தேழாம் நாள் சட்டத்தரணி இருவரையும் வரச்சொன்னாள். அலுவலகக் கதிரையில் குந்தமுன்பே சொல்லிவிட்டாள்: "டோகோ நாட்டவர் என்று ஏற்றுக்கொண்டார்கள். அகதித் தகுதி கொடுத்திருக்கிறார்கள்."

புனிதமலர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அக்கோசிவா அழவில்லை, யாரையும் கட்டிப்பிடிக்கவும் இல்லை. "பிள்ளை?" என்றாள்.

"மகளை அழைக்கலாம். மாதங்கள் எடுக்கும். பிறப்புச் சான்று வேண்டும்."

"அது அக்காவிட்டை இருக்கு." அவள் அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தாள். எவே மொழியில் தாழ்ந்த குரலில், வேகமாகப் பேசினாள். புனிதமலருக்கு ஒன்றிரண்டு சொல்தான் பிடிபட்டது. ஒரு இடத்தில் மறுமுனையில் அழுகை கேட்டது. அக்கோசிவா அதட்டி நிறுத்தினாள்.

"என்ன சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டன். அவனுக்குத் தெரிஞ்சா இண்டைக்கே வந்து தூக்கிக்கொண்டு போயிடுவான். நாளைக்கு முதல் வானில அஜோவை அத்தாக்பாமேக்கு, சித்தி வீட்டை கொண்டுபோய் விடச் சொன்னன். உடுப்பு ஒண்டும் எடுக்கவேண்டாம், பள்ளிக்கூடப் பையோட மட்டும் போகட்டும் எண்டன். பாக்கிறவைக்குப் பள்ளிக்கூடம் போறமாதிரி இருக்கவேணும்."

"வான் எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு." அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். சட்டத்தரணி மகளை அழைக்கும் படிவத்தை அவள் பக்கமாகத் தள்ளி, தான் நிரப்பித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்து, அக்கோசிவா பேனையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் பெயர் என்று இருந்த கோட்டில் பெரிய எழுத்துகளாக, தாள் பொத்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதத் தொடங்கினாள்.